கொங்கு நாட்டுக் கூட்டப் பெயர்களின் தோற்றமும் பொருளும்: தாராபுரம் வட்டாரத்தை முன்வைத்து ரஷ்ய, உக்ரைனியக் குடும்பப் பெயர்களோடு ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கொங்கு நாட்டில் வேளாண் குடிகளிடையே வழங்கும் கூட்டப் பெயர்கள், ஆட்பெயரின் பகுதியாக எழுதப்பெறாவிடினும், தலைமுறை தோறும் தந்தைவழியில் தொடர்ந்து வருவன. ஆந்தை, சாத்தந்தை, கண்ணந்தை, பொருளந்தை, காடை, பனங்காடை, வண்ணக்கன் முதலிய இப்பெயர்களுக்கு மக்களிடையே வழங்கும் விளக்கங்களும் மொழியமைப்புக் காட்டும் விளக்கங்களும் பல இடங்களில் வேறுபடுகின்றன. தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் கூறும் ஆட்பெயர்ப் புணர்ச்சி விதிகளைக் கொண்டும், ரஷ்ய, உக்ரைனியக் குடும்பப் பெயர்களின் ஆக்கமுறையோடு ஒப்பிட்டும் இப்பெயர்களை வகைப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கம். கூட்டப் பெயர் ஏன் குடும்பப் பெயராக மாறவில்லை என்னும் வினாவும் ஆராயப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: கூட்டப் பெயர், குடும்பப் பெயர், தந்தைவழிப் பெயர், முன்னெழுத்து, புள்ளிமயங்கியல், தாராபுரம், கொங்கு நாடு, உக்ரைன், ரஷ்யா

முன்னுரை

ஒரு மனிதனைச் சுட்டும் பெயரில் இரண்டு பணிகள் அடங்கியுள்ளன. ஒன்று, அவனைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது. மற்றொன்று, அவன் யாரைச் சார்ந்தவன் எனச் சேர்த்துக் காட்டுவது. முதற்பணியை இடுபெயர் செய்கிறது. இரண்டாவது பணியை உலகின் பல பகுதிகளில் குடும்பப் பெயர் செய்கிறது. தமிழகத்தில் அப்பணியைத் தந்தை பெயரின் முன்னெழுத்து, ஊர்ப்பெயர், சாதிப் பட்டம், குலப்பெயர் ஆகிய நான்கும் காலத்திற்கேற்பப் பங்கிட்டுக்கொண்டு வந்துள்ளன.

ரஷ்ய, உக்ரைனியக் குடும்பப் பெயர்கள் பற்றிய ஆய்வு நெடிய மரபுடையது. பொரிஸ் உன்பேகவுன் எழுதிய ரஷ்யக் குடும்பப் பெயர்கள் பற்றிய நூல் 1972ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பிரெண்டா பெக் எழுதிய கொங்கு வேளாண் சமூகம் பற்றிய மானிடவியல் நூலும் வெளிவந்தது. காங்கேயம் பகுதியின் ஓலப்பாளையத்தில் தங்கி நிகழ்த்திய களப்பணியின் விளைவு அந்நூல். முன்னது பெயரின் சொல்லமைப்பை ஆராய்ந்தது. பின்னது குலமும் கோயிலும் மண உறவும் இயங்கும் முறையை ஆராய்ந்தது. கூட்டப் பெயர்களைப் பொறுத்தவரை இவ்விரு நோக்குகளும் ஒருங்கிணைய வேண்டிய தேவை உள்ளது. சமூகப் பணியை மட்டும் நோக்குவோர் பெயரின் இலக்கண வடிவத்தைக் கவனிப்பதில்லை; சொற்பொருளை மட்டும் நோக்குவோர் அப்பெயர் எவ்விடத்தில் எதற்காக வழங்கப்பெறுகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

ஆய்வுப் பரப்பு

தாராபுரம் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த பழைய ஊர். ஆன்பொருநை எனச் சங்க இலக்கியம் சுட்டும் இவ்வாற்றின் கரையிலேயே, கீழ்த்திசையில், கருவூரும் அமைந்துள்ளது. கொங்கு மண்டலத்தை இருபத்துநான்கு நாடுகளாகப் பகுக்கும் மரபில் தாராபுரம் தென்கரை நாட்டைச் சார்ந்ததாகக் கூறப்பெறும். ஆங்கிலேயர் ஆட்சித் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பகுதி இரு பிரிவுகளாக ஆளப்பட்டபோது தென்பிரிவின் தலைமையிடமாகத் தாராபுரமும் வடபிரிவின் தலைமையிடமாகப் பவானியும் இருந்தன. 1804இல் இவை ஒன்றாக்கப்பட்டன. கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வட்டம் 1979இல் உருவான பெரியார் மாவட்டத்திலும், 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்திலும் அடுத்தடுத்துச் சேர்ந்தது.

இங்கு வாழும் கொங்கு வேளாளர் தம்முள் பல கூட்டங்களாகப் பிரிந்துள்ளனர். அந்துவன், ஆந்தை, ஓதாளன், கண்ணன், கண்ணந்தை, காடை, கீரன், குயிலன், சாத்தந்தை, செம்பூத்தன், தூரன், பண்ணன், பனங்காடை, பயிரன், பூந்தை, பெரியன், பொருளந்தை, மயிலன், முழுக்காதன், வண்ணக்கன் முதலியன அவற்றுட் சில. ஒரே கூட்டத்தார் தமக்குள் பங்காளிகள். அவர்களிடையே மண உறவு இல்லை. ஒவ்வொரு கூட்டத்திற்கும் காணியாட்சி உரிமையுள்ள ஊர்களும், அவ்வூர்களில் குலதெய்வக் கோயில்களும் உண்டு. கூட்ட அமைப்பு வேளாளர்க்கு மட்டும் உரியதன்று. வேட்டுவரும் செங்குந்தரும் தேவாங்கரும் பிறரும் தத்தமக்குரிய குலப் பிரிவுகளை உடையவர்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகளிடம் வீட்டுப்பெயர் என்னும் வடிவில் அது காணப்பெறுகிறது. இக்கட்டுரை சான்றுகளின் வசதி கருதி வேளாளர் கூட்டப் பெயர்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

ரஷ்ய, உக்ரைனியப் பெயர்களின் அமைப்பு

ரஷ்யக் குடும்பப் பெயர்களுள் மிகுதியானவை ஓவ், எவ், இன் என்னும் விகுதிகளால் முடிவன. இவை அடிப்படையில் உடைமைப் பெயரடைகள். ‘யாருடைய மகன்?’ என்னும் வினாவிற்கு விடையாக அமைந்தவை. இவானுடைய மகன் இவானோவ். கொல்லன் எனப் பொருள்படும் குஸ்நேத்ஸ் என்பானுடைய மகன் குஸ்நெத்சோவ். தொடக்கத்தில் இவை தலைமுறைதோறும் மாறின. இவானின் மகன் பியோத்தர் இவானோவ் எனப்பட்டால், பியோத்தரின் மகன் பெத்ரோவ் எனப்பட்டான். ஒரு கட்டத்தில் ஏதேனும் ஒரு பெயர் உறைந்து, பேரனுக்கும் அவன் பேரனுக்கும் தொடர்ந்தபோதுதான் அது குடும்பப் பெயராயிற்று. தந்தை பெயரைச் சுட்டும் பணி அதன்பின் தனியே ஒதுக்கப்பட்டது. ஆகவே ரஷ்யரின் முழுப்பெயர் இடுபெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் என மூன்று உறுப்புகளைக் கொண்டது.

உக்ரைனியப் பெயர்களில் என்கோ என்னும் விகுதி சிறப்பாக வழங்குகிறது. இது சிறுமையும் மகன்மையும் உணர்த்துவது. கொல்லனின் மகன் கொவலென்கோ. பீப்பாய் செய்வோனின் மகன் பொந்தரென்கோ. செருப்புத் தைப்போனின் மகன் ஷெவ்சென்கோ. மேற்குப் பகுதிகளில் உக், சுக் என்னும் விகுதிகள் மிகுதி. போக்தான் க்மெல்னித்ஸ்கி காலத்தில் 1649இல் தொகுக்கப்பெற்ற கசாக்குப் படைப்பதிவேடு ஏறத்தாழ 40,000 வீரர்களின் பெயர்களை உடையது. என்கோ விகுதிப் பெயர்கள் அக்காலத்திலேயே பெருவழக்காக இருந்ததற்கு அது சான்று. ஊர்ப்பெயரிலிருந்து வரும் ஸ்கி விகுதிப் பெயர்கள் தொடக்கத்தில் நிலவுடைமையாளர்க்கு உரியவையாக இருந்து பின்னர்ப் பரவலாயின.

இப்பெயர்களைப் பொருள் நோக்கில் முன்னோன் பெயர், தொழிற்பெயர், ஊர்ப்பெயர், பட்டப்பெயர் எனப் பகுப்பது வழக்கம். விலங்கு, பறவை ஆகியவற்றின் பெயரடியாகப் பிறந்தவை பெரும்பாலும் பட்டப்பெயர் வகையுள் அடங்கும். இப்பகுப்பைக் கொங்கு நாட்டுக் கூட்டப் பெயர்களோடு பொருத்திப் பார்க்கும்போது ஒற்றுமைகளைக் காட்டிலும் வேற்றுமைகளே மிகுந்த விளக்கம் தருகின்றன.

தந்தையும் மகனும்: தொல்காப்பிய விதிகள்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியலில் னகர ஈற்று இயற்பெயர்கள் ‘தந்தை’ என்னும் முறைப்பெயரோடு புணரும் முறை தனியே விதிக்கப்பெற்றுள்ளது. நிலைமொழியாகிய இயற்பெயரின் ஈற்றிலுள்ள அன் கெடும். வருமொழியாகிய தந்தை என்பதன் முதல் மெய்யாகிய தகரம் கெட்டு அகரம் நிற்கும். இவ்விதிப்படி சாத்தன், தந்தை என்பன சேர்ந்து சாத்தந்தை ஆகும். கொற்றன், தந்தை என்பன கொற்றந்தை ஆகும். ஆதன், பூதன் என்னும் இரு பெயர்களுக்கு மட்டும் கூடுதல் திரிபு கூறப்பெற்றுள்ளது. அவற்றில் பெயரின் ஒற்றும் எஞ்சிய அகரமும் கெட, ஆந்தை, பூந்தை என வடிவங்கள் அமையும். பெருஞ்சாத்தன் என்பதுபோல் அடைமொழி பெற்று வரின் இத்திரிபு இல்லை.

இவற்றை அடுத்து வரும் மற்றொரு விதியும் நோக்கத்தக்கது. தந்தையின் பெயரோடு மகன் பெயர் தொடரும்போது, அன் கெட்டு அம் சாரியை வரும் என்பது அதன் கருத்து. சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் எனப்படுவான். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளிலிருந்து இரு திசைகள் தெளிவாகின்றன. சாத்தங்கொற்றன் என்பதில் தந்தையால் மகன் அறியப்படுகிறான். சாத்தந்தை என்பதில் மகனால் தந்தை அறியப்படுகிறான். இவானோவ், கொவலென்கோ ஆகியவை முதல் திசையை மட்டும் உடையன. மகன் பெயரால் தந்தையைச் சுட்டும் இரண்டாம் திசை தமிழில் இலக்கண விதி பெறும் அளவிற்கு வழக்கில் இருந்தது என்பது ஒப்பீட்டில் புலப்படும் முதற்செய்தி.

இவ்வழக்குகள் ஏட்டளவில் நின்றவை அல்ல. கருவூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சேரர் மூவரைத் தலைமுறை வரிசையில், இன்னார் மகன் இன்னார் என்று கூறுகிறது. அவ்வரிசையின் முதல்வன் ஆதன் என்னும் பெயருடையவன். அம்மலையின் மற்றொரு கல்வெட்டில் பிடந்தை எனப் படிக்கப்பெறும் பெயர் மேற்கூறிய தந்தை விதியோடு பொருந்தும் வடிவமாகும். நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் கண்ணன் ஆதன் என்பது போன்ற இரட்டைப் பெயர்கள் காணப்பெறுகின்றன. முன்னது தந்தை பெயராகவும் பின்னது தன் பெயராகவும் கொள்ளத்தக்க அமைப்பு இது. இன்றைய தமிழர் தந்தை பெயரைக் குறுக்கி முன்னெழுத்தாக இடும் வழக்கத்திற்கும் இவ்வரிசைக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை.

ஆந்தையும் பொருளந்தையும்

மேற்கண்ட விதிகளை மனத்திற்கொண்டு கூட்டப் பெயர்ப் பட்டியலை நோக்கினால் சாத்தந்தை, கண்ணந்தை, ஆந்தை, பூந்தை ஆகிய நான்கும் ஒரே அச்சில் வார்க்கப்பெற்றவை என்பது தெரியவரும். சாத்தந்தை, ஆந்தை, பூந்தை ஆகிய மூன்றும் இலக்கண உரைகளில் எடுத்துக்காட்டாக வரும் அதே வடிவங்கள். கண்ணன், கண்ணந்தை என்னும் இரண்டும் தனித்தனிக் கூட்டங்களாக இன்றும் இருப்பது, ‘தந்தை’ என்னும் உறுப்பு பொருள் வேறுபாடு தந்தது என்பதற்குத் துணையாகிறது.

ஆந்தைக் கூட்டத்தின் பெயரை ஆந்தை என்னும் பறவையோடு தொடர்புறுத்தும் விளக்கம் மக்களிடையே உண்டு. காடை, பனங்காடை, மயிலன் ஆகிய பெயர்களின் வரிசையில் வைத்து நோக்குவோர்க்கு இவ்விளக்கம் இயல்பாகத் தோன்றும். ஆயின் ஆந்தையைத் தனியே எடுத்து விளக்கினால் பூந்தையும் சாத்தந்தையும் விளக்கமின்றி நிற்கும். ஆதன் தந்தை என்று கொண்டால் நான்கு பெயர்களும் ஒரே விதியால் விளங்கும். சங்கப் புலவர் பிசிராந்தையாரின் பெயரும் பிசிர் என்னும் ஊரினராகிய ஆதன் தந்தையார் என்றே விளக்கப்பெற்று வருவது இதற்கு அரண்.

பொருளந்தை என்னும் பெயர் மேலும் தெளிவான சான்று. இக்கூட்டத்தின் பெயர் பொருள்தந்தான் எனவும் வழங்குகிறது. பொருளைக் கொடுத்த வள்ளலின் வழியினர் என்னும் விளக்கம் அவ்வடிவத்தோடு இணைந்துள்ளது. பொருளன் என்னும் பெயரோடு தந்தை புணர்ந்தால் விதிப்படி கிடைப்பது பொருளந்தை. தந்தை என்னும் உறுப்பு இவ்வமைப்பில் வழக்கிழந்தபோது, கேட்போர் அதனைத் ‘தந்த’ என்னும் வினையாக உணர்ந்திருத்தல் வேண்டும். பொருள் தெரியாத வடிவத்தைத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்ளும் இப்போக்கு மொழிகள் அனைத்திலும் காணப்படுவது. திருத்தப்பட்ட பெயருக்கு ஏற்ற கதை பின்னர்ப் பிறக்கிறது. செம்பூத்தன் என்பது செம்போத்துப் பறவையின் பெயரா, செம்மை அடையடுத்த பூதன் என்னும் ஆட்பெயரா என்பதும் இவ்வகையில் மீளாய்வு செய்யத்தக்கது.

மகனால் தந்தையைச் சுட்டும் பெயர் எவ்வாறு ஒரு குலம் முழுவதற்கும் ஆயிற்று என்னும் வினா இங்கு எழும். குலத்தின் முதல்வனை அவன் வழியினர் தந்தை நிலையில் வைத்து நினைவுகூர்ந்ததன் விளைவாக இதனைக் கொள்ளலாம். இவானோவ் என்னும் பெயர் இவானின் மகனிடம் தொடங்கி முன்னோக்கிச் செல்கிறது. சாத்தந்தை என்னும் பெயர் மூதாதையிடம் பின்னோக்கிச் செல்கிறது. ஒன்று பிறந்தவனை அடையாளப்படுத்தியது. மற்றொன்று பிறப்பித்தவனை நினைவில் நிறுத்தியது.

இவ்விடத்தில் ஓர் எல்லையை வகுத்தல் இன்றியமையாதது. அந்துவன் என்னும் கூட்டப் பெயர் அந்துவஞ்சேரல் இரும்பொறையின் பெயரோடும், பண்ணன் என்பது சிறுகுடிகிழான் பண்ணனின் பெயரோடும் ஒத்துள்ளன. பெயர் ஒத்திருப்பது அப்பெயர்கள் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் வழக்கிலிருந்தமைக்குச் சான்று. இன்றைய குடும்பம் அன்றைய அரசனின் வழித்தோன்றல் என்பதற்குச் சான்றன்று. ரஷ்யாவில் இவானோவ் என்னும் பெயருடையோர் அனைவரும் ஒரே இவானின் வழியினர் அல்லர். ஆதனும் கண்ணனும் கீரனும் பலர்க்கு இடப்பட்ட பொதுப்பெயர்கள். குல வரலாறு என்னும் பெயரில் வெளிவரும் நூல்கள் பல இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

பறவைப் பெயர்கள்

காடை, பனங்காடை, மயிலன், குயிலன் ஆகியவற்றை ஆட்பெயர்ப் புணர்ச்சி விதியால் விளக்க இயலாது. இவற்றைக் குலக்குறிப் பெயர்கள் என்று ஆய்வாளர் கூறுவர். ரஷ்யப் பெயர்களிலும் பறவைகள் மிகுதி. காடையிலிருந்து பெரெப்யோல்கின், ஒருவகை ஆந்தையிலிருந்து சிச்சோவ், வல்லூறிலிருந்து சொகொலோவ் எனப் பெயர்கள் பிறந்துள்ளன. ஆயினும் அங்கு அவை குலக்குறி எனக் கருதப்படுவதில்லை. தனிமனிதர் ஒருவருக்கு இடப்பட்ட பட்டப்பெயர் அல்லது கிறித்தவத் திருமுழுக்குப் பெயரோடு உடன்வழங்கிய பழைய இடுபெயர், அவர் மகனுக்கு உடைமை விகுதியோடு சென்றது என்பதே விளக்கம். சிச்சோவ் குடும்பத்தார்க்கு ஆந்தையோடு எவ்வித விலக்கும் வழிபாடும் இல்லை.

இவ்வொப்பீடு கொங்குப் பெயர்களை இரண்டாகப் பிரித்து நோக்கத் தூண்டுகிறது. மயிலன், குயிலன் ஆகியவை ஆண்பால் விகுதி பெற்றவை. இவை ஒரு மனிதனின் பெயராகவோ பட்டப்பெயராகவோ இருந்து, அவன் வழியினர்க்கு ஆகியிருக்கலாம். காடை, பனங்காடை ஆகியவை விகுதி பெறாமல் பறவையின் பெயராகவே நிற்பன. இக்கூட்டங்களிடையே அப்பறவையைக் கொல்லலாகாது, உண்ணலாகாது என்னும் மரபு சொல்லப்படுகிறது. விகுதியின்மையும் விலக்கும் சேர்ந்து நிற்குமிடத்தில் குலக்குறி விளக்கம் வலுப்பெறும். விகுதி மட்டும் இருந்து விலக்கு இல்லாதவிடத்தில் பட்டப்பெயர் விளக்கமே போதுமானது. பறவைப் பெயர் என்ற ஒன்றைமட்டும் கொண்டு எல்லாவற்றையும் தொல்குடிக் குலக்குறி எனக் கூறுவது பொருந்தாது.

தொழிற்பெயரின் இன்மை

ரஷ்ய, உக்ரைனியப் பெயர்களில் தொழிலடிப் பெயர்கள் பெருந்தொகையின. நெசவாளரைக் குறிக்கும் த்காச் என்னும் சொல்லிலிருந்து த்காச்சென்கோ, த்காச்சுக், த்காச்சோவ் ஆகிய பெயர்கள் தோன்றின. நெசவும் பின்னலாடையும் வாழ்வாதாரமாகிய திருப்பூர் வட்டாரத்தில் இதற்கு இணையான குலப்பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. காரணம் வெளிப்படையானது. உக்ரைனிய ஊரொன்றில் கொல்லனும் உழவனும் நெசவாளனும் ஒரே சமூகத்தினராக இருக்கக் கூடியவர்கள். ஆகவே தொழில் அவர்களைப் பிரித்துக் காட்டும் அடையாளமாயிற்று. கொங்கு ஊரில் தொழிலைச் சாதிப்பெயர் முன்னரே சுமந்துகொண்டது. ஒரே தொழிலுடைய சாதிக்குள் குலத்தைப் பிரிக்கத் தொழிற்பெயர் பயன்படாது. கூட்டப் பெயரில் தொழில் இல்லாமையே சாதியமைப்பின் இறுக்கத்திற்குச் சான்றாக நிற்கிறது.

வண்ணக்கன் என்னும் கூட்டப் பெயர் இதற்கு விலக்கு. சங்க இலக்கியத்தில் வண்ணக்கன் என்பது நாணயத்தின் தரம் நோக்குவோனைக் குறிக்கும். வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்ற புலவர் பெயர்களில் இது அடையாக வருகிறது. உரோம நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்துள்ள கொங்கு வணிகப் பெருவழியில், இப்பெயர் வேளாண் குடி ஒன்றின் குலப்பெயராக எஞ்சியிருப்பது, தொழிலும் குடியும் இறுகப் பிணைக்கப்படாத முந்தைய நிலையொன்றை உணர்த்தக்கூடும்.

பதவியும் பட்டமும்

கவுண்டர் என்பது இன்று சாதிப் பட்டமாக அறியப்படுகிறது. கொங்குக் கல்வெட்டுகளில் வரும் காமிண்டன் என்னும் சொல்லோடும், கன்னடக் கல்வெட்டுகளின் காவுண்ட என்னும் சொல்லோடும் இது தொடர்புடையது. ஊர்த்தலைமைப் பொறுப்பைக் குறித்து வழங்கியது. ரஷ்யாவில் ஊர்த்தலைவர் ஸ்தாரொஸ்தா எனப்பட்டார். அவர் மகன் ஸ்தாரொஸ்தின் ஆனார். உக்ரைனில் ஊர் நிர்வாகியாகிய வீத் என்பாரின் மகன் வொய்தென்கோ ஆனார். அங்குப் பதவிப்பெயர் ஒரு குடும்பத்தின் பெயராகச் சுருங்கியது. இங்கு ஒரு பதவிப்பெயர் ஒரு சமூகத்தார் அனைவர்க்கும், வெவ்வேறு சமூகங்களுக்கும் கூடப் பட்டமாக விரிந்தது.

பதவிப்பெயர் குடும்பப் பெயராகச் சுருங்கிய எடுத்துக்காட்டுகளும் கொங்கு நாட்டில் இல்லாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டுவித்தவராகப் போற்றப்பெறும் காளிங்கராயன் வெள்ளோட்டுச் சாத்தந்தை குலத்தவர் என்பது மரபு. காளிங்கராயன் என்னும் பட்டம் பின்னர் ஊற்றுக்குளிக் குடும்பத்தாரின் பரம்பரைப் பெயராயிற்று. காங்கேயம் பகுதியின் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பயிரன் கூட்டத்தவர். சர்க்கரை மன்றாடியார் என்பது அவர்களின் வழிவழிப் பட்டம். இவை உண்மையான பொருளில் குடும்பப் பெயர்களே. ரஷ்யாவில் நிலவுடைமைக் குடும்பங்கள் முதலில் நிலையான பெயர் பெற்று, உழுகுடிகள் நெடுங்காலம் அதனைப் பெறாதிருந்த நிலையோடு இதனை ஒப்பிடலாம். பெயரை நிலைக்கச் செய்வது கைமாறவேண்டிய சொத்தும் உரிமையும் என்பது இருநிலத்திற்கும் பொதுவான உண்மை.

அரசுப் பதிவேடும் முன்னெழுத்தும்

ரஷ்யாவில் 1718இல் ஆணையிடப்பட்ட தலைவரிக் கணக்கெடுப்பும் படைக்கு ஆள் சேர்ப்பும் மக்களைப் பெயரோடு பதிவு செய்தன. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டபின், விடுதலைபெற்ற உழவர்க்குப் பெயர் தேவைப்பட்டது. 1888இல் பிறப்பிக்கப்பட்ட செனட் ஆணை, குடும்பப் பெயர் பூணுதல் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்றது. ஆக, குடும்பப் பெயரை முழுமையாக்கியது அரசு.

கொங்கு நாட்டில் கூட்டப் பெயரை அரசு கேட்டதில்லை. காலனியாட்சியின் நிலவரி ஆவணங்களுக்குத் தேவைப்பட்டவை இடுபெயரும் தந்தை பெயரும் சாதியுமே. கூட்டப் பெயர் வேண்டப்பட்ட இடங்கள் வேறு: பெண் கொடுத்தல், பெண் எடுத்தல், குலதெய்வக் கோயில் வரி, திருவிழா முறைமை, இறப்புத் தீட்டு. தலைமுறை தோறும் மாறாமல் தொடர்வது என்னும் இலக்கணத்தால் கூட்டப் பெயர் குடும்பப் பெயரை ஒக்கும். எழுத்தில் இடம்பெறாமை என்னும் நிலையால் அதனின்று வேறுபடும். எழுதப்படாமலேயே பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது இதன் தனிச்சிறப்பு.

இதன் விளைவாகச் சாதிப் பட்டமே குடும்பப் பெயரின் இடத்தைப் பிடித்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. ஈரோட்டைச் சேர்ந்த பெரியார் ஈ.வெ. இராமசாமி தம் பெயரின் பின்னொட்டைத் துறந்தார். அதன்பின் தமிழகத்தில் பட்டம் பெயரிலிருந்து படிப்படியாக உதிர்ந்தது, எஞ்சியது முன்னெழுத்து. அது தந்தையை மட்டும் சுட்டி ஒரு தலைமுறையோடு முடிவது, சாதியைச் சொல்லாதது. குடும்பப் பெயரின் வரலாற்றில் பொதுவாகக் காணப்படும் திசைக்கு இது நேர்மாறானது. தலைமுறைதோறும் மாறிய தந்தைவழிப் பெயரிலிருந்து நிலையான குடும்பப் பெயருக்கு ரஷ்யர் சென்றனர். நிலைபெறத் தொடங்கிய பட்டத்திலிருந்து மாறும் தந்தைவழி முன்னெழுத்துக்குத் தமிழர், ஒரு சமூகக் கொள்கையின்பொருட்டு, திரும்பினர்.

இரு முறைகளும் ஒருங்கே அமைந்த அரிய எடுத்துக்காட்டு ம.ப. பெரியசாமித்தூரன் (1908–1987). பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகிய இவர், ஈரோடு மாவட்டத்து மஞ்சக்காட்டுவலசில் பழனிவேலப்பக் கவுண்டரின் மகனாகப் பிறந்தவர். தூரன் என்பது புனைபெயரன்று. அவர் கூட்டத்தின் பெயர். ஊரும் தந்தையும் முன்னெழுத்தாக, இடுபெயர் நடுவாக, குலப்பெயர் இறுதியாக அமைந்த இப்பெயர் சாதிப் பட்டத்தை விலக்கிக் கூட்டப் பெயரை எழுத்துலகிற்குக் கொணர்ந்தது. ரஷ்யரின் மூவுறுப்புப் பெயரோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடத்தக்க கொங்குப் பெயர் இது. ஆயினும் இவ்வழி பரவலாகவில்லை.

பெண்களின் பெயர்

குலப்பெயர் பற்றிய ஆய்வு ஆண்வழியை மட்டும் தொடர்ந்து செல்லும் இயல்பினது. ரஷ்யாவில் இவானோவின் மகள் இவானோவா; மணத்திற்குப் பின் கணவன் குடும்பப் பெயரைப் பெறினும், தந்தையைச் சுட்டும் இவானோவ்னா போன்ற பெயர் அவரை வாழ்நாள் முழுதும் தொடரும். உக்ரைனிய என்கோ விகுதி பால் வேறுபாடு காட்டாது. கொங்கு வழக்கில் பெண் மணத்தால் கணவன் கூட்டத்தின் வழிபாட்டு முறைக்குள் சேர்கிறாள்; பிறந்த கூட்டம் மண உறவுக் கணக்கில் அடுத்த தலைமுறைக்கும் நினைவு கூரப்படுகிறது. எழுத்திலோ தந்தையின் முன்னெழுத்து கணவனின் முன்னெழுத்தாக மாறும்போது பிறந்தவழி முற்றும் மறைகிறது. சான்றிதழ் ஒன்றில் ஓர் எழுத்தும், குடும்ப அட்டையில் வேறோர் எழுத்தும் கொண்ட பெண்கள் இவ்வட்டாரத்தில் பலர். வாய்மொழி மரபு காத்த செய்தியை எழுத்து மரபு இழந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

தாராபுரம் வட்டாரத்தில் வழங்கும் கூட்டப் பெயர்கள் ஒரே வகையில் தோன்றியவை அல்ல. சாத்தந்தை, கண்ணந்தை, ஆந்தை, பூந்தை, பொருளந்தை ஆகியவை தொல்காப்பியம் விதித்த தந்தைப் புணர்ச்சி வடிவங்களோடு பொருந்துவன. அந்துவன், கண்ணன், கீரன், பண்ணன் ஆகியவை பழந்தமிழ் இடுபெயர்கள். காடை, பனங்காடை ஆகியவற்றில் குலக்குறி விளக்கம் ஏற்புடையது. மயிலன், குயிலன் ஆகியவற்றில் அது கட்டாயமன்று. தொழிற்பெயர் அருகியிருப்பது சாதியமைப்பின் விளைவு.

ரஷ்ய, உக்ரைனியக் குடும்பப் பெயர்களோடு ஒப்பிடும்போது, பரம்பரைப் பெயர் தோன்றுவதற்கு அரசின் பதிவேடு கட்டாயத் தேவையன்று என்பதும், அது எழுத்தில் நிலைபெறுவதற்கே அரசு தேவைப்படுகிறது என்பதும் புலனாகின்றன. பின்னலாடை ஏற்றுமதியின் வழியாகவும் கல்வியின் வழியாகவும் அயல்நாடு செல்லும் இவ்வட்டாரத்தார் கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தை நிரப்பவேண்டியுள்ளது. அவ்விடத்தில் பெரும்பாலும் தந்தையின் பெயர் எழுதப்பெறுகிறது. அயல்நாட்டில் பிறக்கும் பேரனுக்கும் அப்பெயரே தொடருமாயின், இவானின் பெயர் உறைந்து இவானோவ் ஆன அதே நிகழ்வு தமிழிலும் நடைபெறுகிறது எனலாம்.

கூட்டப் பெயர்களோ இன்று திருமண அழைப்பிதழ்களிலும் மணமக்கள் தேவை விளம்பரங்களிலும் குலதெய்வக் கோயில் கல்வெட்டுகளிலும் எழுத்துருப் பெற்று வருகின்றன. எழுதப்படும்போது பொருள்தந்தான் போன்ற திருத்த வடிவங்கள் நிலைபெற்றுப் பழைய வடிவங்கள் மறைய வாய்ப்புண்டு. ஆகவே ஒவ்வொரு கூட்டப் பெயரின் வட்டார ஒலிப்பு வேறுபாடுகளையும், கல்வெட்டு, செப்பேடு, பட்டயம் ஆகியவற்றில் அது வரும் வடிவங்களையும் காலவரிசையில் தொகுப்பது முதற்பணியாகும். தோற்றக் கதைகளைத் தனியே தொகுத்து, அவற்றை வரலாறு என்று கொள்ளாமல், பெயரின் பொருள் மறந்தபின் மக்கள் அதற்குத் தேடிக்கொண்ட விளக்கம் என்று ஆராய்வது அடுத்த பணி. வேளாளர் அல்லாத பிற சமூகங்களின் குலப்பெயர்களையும் அத்தொகுப்பில் சேர்த்தாலன்றிக் கொங்கு நாட்டுப் பெயர் வரலாறு முழுமையுறாது.